பக்கவாத மருந்துச் சோதனைகளும் பாகூர் மக்களும்

பக்கவாதம் என்னும் நோயின் பெயரைக் கேளாதார் நம் நாட்டில் ஒருவரும் இலர். பாரிசவாயு என்றும், வாதம் அடித்துவிட்டது என்றும், ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்றும் ஊருக்கொரு விதமாக அதனைச் சொல்லுவர். எம் பக்கத்தில் 'கை கால் இழுத்துவிட்டது' என்பது வழக்கு. பெயர் இத்தனை இருந்தும் நோயின் இயல்பை அறிந்தோர் சிலரே. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுதலால் வருவது ஒரு வகை; அக்குழாய் வெடித்து இரத்தம் கசிதலால் வருவது மற்றொரு வகை. முன்னதற்கு மருந்தாவது பின்னதற்கு நஞ்சாகும். ஆதலின் தலையை ஸ்கேன் எடுத்துப் பாராமல் மருத்துவர் அம்மருந்தைத் தொடுவதில்லை. இவையெல்லாம் இக்காலத்தில் யாவரும் படித்தறியக் கூடியவை. யாம் எழுதப் புகுந்தது வேறொரு பொருள் பற்றி. இந்நோய்க்கு இன்று வழங்கும் மருந்துகள் எவர் உடம்பிற் சோதிக்கப்பட்டு நல்லவையென்று துணியப்பட்டன? அச்சோதனைகளில் நம் போன்றோர்க்கு இடம் இருந்ததா? இல்லையெனின் அதனால் நமக்கு நேரும் குறை யாது? இவையே யாம் ஆராய விழைந்தவை.

எம் ஊர் பாகூர்க் கொம்யூனில் ஏரிப் பாய்ச்சலில் உள்ள ஒரு சிற்றூர். எம் அன்னையார் பிறந்த ஊர் வில்லியனூர்க் கொம்யூனில் சங்கராபரணி ஆற்றை ஒட்டியது. புதுச்சேரியை அறியாத அன்பர்க்காக ஒரு சொல். கொம்யூன் என்பது பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற சொல். இன்று அஃது ஊர்ப்புறத்துப் பஞ்சாயத்து ஆட்சியைக் குறிக்கும். புதுச்சேரி நிலம் ஒரே பரப்பாக அமைந்ததன்று. பழைய வேட்டியில் ஒட்டுப் போட்டாற்போலப் புதுச்சேரி ஊர்களும் தமிழ்நாட்டு ஊர்களும் ஒன்றனுள் ஒன்று புகுந்து கிடக்கும். நகரத்துக்குச் செல்லும் வழி இடையில் எல்லை தாண்டிப் போய் மீண்டும் உள்ளே வருவது பல ஊர்களில் உண்டு. பாகூருக்குப் பழம்பெருமையும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்துச் செப்பேடு ஒன்று, அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. கல்விக்கு ஊர் கொடுத்த மண்ணில், இன்று மருத்துவ ஆராய்ச்சிப் படிவம் ஒன்றைப் படித்துப் பொருள் சொல்ல ஆள் தேட வேண்டியிருப்பது விந்தையே.

2018ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் எம் பெரிய தந்தையாரை இந்நோய் தாக்கிற்று. அப்பொழுது அவர்க்கு வயது 58. விடியற்காலையில் சம்பாப் பயிருக்குத் தண்ணீர் மடை மாற்றப் போனவர் வரப்பிலேயே அமர்ந்துவிட்டார். பக்கத்து வயற்காரர் பார்த்தபொழுது வாய் ஒரு புறம் கோணியிருந்தது, பேச்சுக் குழறிற்று. பனியில் நின்ற அசதி என்று கருதி வீட்டுக்குக் கொணர்ந்து, வெந்நீர் கொடுத்து, தைலம் தேய்த்தனர். இரண்டு மணி நேரம் அவ்வாறே கழிந்தது. பின்னர் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயினர். முதலிற் சென்ற இடத்தில் ஸ்கேன் வசதி இல்லை. அவர்கள் வேறிடம் அனுப்பினர். அங்கே படம் எடுத்து, அடைப்பினால் வந்த பக்கவாதம் என்று மருத்துவர் துணிந்தபொழுது ஆறரை மணி நேரம் சென்றுவிட்டது. கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்றும், அந்நேரம் கடந்துவிட்டது என்றும் அவர் அன்போடே எடுத்துரைத்தார்.

அம்மருத்துவமனையில் அக்காலத்தில் ஒரு புது முறையைச் சோதித்துக்கொண்டிருந்தனர். எம் பெரிய தந்தையார் அதற்குப் பொருந்தக் கூடும் என்று ஓர் இளம் மருத்துவர் கூற, ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர் கோப்போடு வந்தார். எம் பெரியம்மையார் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். வந்தவர் ஊர் எது என்று கேட்டார். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டார். படிக்கத் தெரியுமா என்று கேட்டார். மூன்று மாதம் கழித்தும் ஆறு மாதம் கழித்தும் திரும்ப வர வேண்டும், வருவீர்களா என்றார். பெரியம்மையார் விடை சொல்லுமுன்னரே, "இவர்கள் பின்னாளில் வரமாட்டார்கள், சார்" என்று ஆங்கிலத்திற் சொல்லிக் கோப்பை மூடினார். அருகில் நின்ற எமக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அவர்க்குத் தெரியாது. அச்சோதனையில் சேர்ந்திருந்தால் பெரிய தந்தையாரின் வலக்கை எழுந்திருக்குமோ என்றால், அதற்கு எவரும் விடை கூறல் இயலாது. சோதனை என்பதன் பொருளே அதுதான். ஆயினும் அந்நான்கு கேள்விகளும் நோயைப் பற்றியவை அல்ல என்பதை யாம் அன்றே குறித்துக்கொண்டோம். இக்கட்டுரையின் வித்து அங்கே விழுந்தது.

நிற்க. நாலரை மணி நேரம் என்னும் அக்கணக்கு எங்கிருந்து வந்தது? கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் என்னும் மருந்து அமெரிக்காவிற் சோதிக்கப்பட்டு, அதன் முடிவு 1995ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வெளிவந்தது. அச்சோதனையிற் சேர்ந்தோர் 624 பேர். நோய் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவருள், மூன்று மாதம் கழித்து ஊனம் சிறிதுமின்றியோ மிகச் சிறிதளவே உடையராயோ இருந்தோர், வெறும் மருந்து பெற்றவரினும் கணிசமாக மிகுந்திருந்தனர். மூளையில் இரத்தம் கசியும் இடரும் மருந்து பெற்றவர்க்கு மிகுதியே: 100க்கு 6.4 பேருக்கு அவ்வாறு நேர்ந்தது, மற்றவருள் 0.6 பேருக்கே நேர்ந்தது. பின்னர் ஐரோப்பாவில் 821 பேரிடம் நிகழ்ந்த சோதனை 2008இல் வெளிவந்து, மூன்று மணி நேரத்தை நாலரை மணி நேரமாக நீட்டிற்று. ஆகவே எம் பெரிய தந்தையார்க்கு வாயிலை மூடிய அந்த எல்லைக்கோடு அமெரிக்க, ஐரோப்பிய உடம்புகளைக் கொண்டு வரையப்பட்டது. இதனை யாம் பழியாகச் சொல்லவில்லை. அவர்கள் தம் உடம்பை இடருக்கு உள்ளாக்கி அறிந்து கொடுத்த அறிவை நாம் விலையின்றிப் பெற்றோம். கேள்வி அதுவன்று. அவ்வறிவு நமக்கும் அவ்வாறே பொருந்துமா என்பதே கேள்வி.

பொருந்தாது என்று கருதியவர் ஜப்பானியர். ஆசிய மக்களுக்கு மூளையில் இரத்தக் கசிவு மிகுதி என்னும் அச்சத்தால், ஒரு கிலோகிராம் எடைக்கு 0.9 மில்லிகிராம் என்றிருந்த அளவை அவர்கள் 0.6 எனக் குறைத்துத் தம் நாட்டில் 2005இல் ஒப்புதல் அளித்தனர். ஆசிய நாடுகள் பிறவற்றிலும் பல மருத்துவர் அவ்வழியைப் பின்பற்றினர். 'ஆசிய உடம்பு வேறு' என்னும் எண்ணம் அத்துணை எளிதாக வேரூன்றிற்று. பல ஆண்டுகள் கழித்தே அஃது உண்மையா என்று நேரிற் சோதித்தனர். என்சான்டெட் என்னும் பெயருடைய அச்சோதனையில் 3,310 பேர் சேர்ந்தனர்; அவருள் 100க்கு 63 பேர் ஆசியர். 2016இல் முடிவு வெளிவந்தது. குறைந்த அளவு பெற்றவருள் இறந்தோரும் ஊனமுற்றோரும் 100க்கு 53.2, முழு அளவு பெற்றவருள் 51.1. குறைந்த அளவு முழு அளவுக்குத் தாழ்ந்ததன்று என்று நிறுவ இயலவில்லை. ஆனால் கடுமையான இரத்தக் கசிவு குறைந்த அளவிற் பாதியாக இருந்தது. ஆசியர்க்கும் பிறர்க்கும் இதில் தெளிவான வேற்றுமை காணப்படவில்லை.

இச்செய்தியைப் படித்தபொழுது எமக்கு இரண்டு எண்ணங்கள் ஒருங்கே தோன்றின. நம்மைச் சோதியாமல் நமக்கும் அதுவே என்று கொள்வது எவ்வாறு துணிச்சலோ, அவ்வாறே நம்மைச் சோதியாமல் நமக்கு வேறு என்று கொள்வதும் துணிச்சலே. இது முதலாவது எண்ணம். மற்றொன்று, 'ஆசியர்' என்று எழுதிய அந்த ஒற்றைச் சொல்லுக்குள் பாகூர் உழவர் எங்கே நிற்கின்றார் என்பது.

அச்சொல்லைச் சிறிது பிரித்துப் பார்ப்போம். எம் உறவினருள் ஒரு குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை உடையது. எம் பாட்டனாரின் தம்பி பிரெஞ்சுப் படையிற் பணியாற்றியவர். அத்தகையவரை எம் பக்கத்தில் 'சொல்தா' என்பர். 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுக்கு உரிமையானபொழுது, உடன்படிக்கையில் அளிக்கப்பட்ட வாய்ப்பைக் கொண்டு அவர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தார். அவர் மக்கள் இன்று பாரிசு நகரை அடுத்து வாழ்கின்றனர். அவருள் ஒருவர்க்கு இந்நோய் வந்து அங்கே ஒரு சோதனையிற் சேர்ந்தால், அவருடைய இனம் யாது என்று பெரும்பாலும் எவரும் எழுதமாட்டார். 1978ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துச் சட்டம், மக்களின் இனமூலத்தைக் குறித்துவைப்பதைச் சில விலக்குகள் தவிரத் தடுக்கின்றது. அவரே அமெரிக்காவிற் குடியேறியிருந்தால் அங்குள்ள அரசுப் பகுப்பின்படி 'ஆசியர்' ஆவார். சீனரும் கொரியரும் வியட்நாமியரும் அவரோடு அதே கட்டத்தில் நிற்பர். இங்கிலாந்திற் குடியேறியிருந்தாலோ, 'ஆசியர்' என்ற சொல்லே பேச்சுவழக்கில் இந்தியரையும் பாகிஸ்தானியரையும் வங்கதேசத்தாரையும் முதலில் குறிக்கும். பாகூரில் தங்கிவிட்ட அவர் தமையன் மகனோ எந்தக் கட்டத்திலும் இல்லை. ஒரே பாட்டன் வழிவந்த நால்வர் நான்கு ஏட்டில் நான்கு விதமாக நிற்பது வேடிக்கையன்றோ? பாரிசுத் தமையனார்க்கு இதனைக் கடிதத்தில் எழுதினோம். "அங்கே உங்களுக்குக் கட்டம் இல்லை, இங்கே எனக்குக் கட்டமே இல்லை, நாம் இருவரும் ஒன்றுதான்" என்று விடை எழுதியிருந்தார்.

இனி உடம்பின் வேற்றுமை முற்றிலும் பொய் என்று கொள்ளுதலும் தவறாகும். பக்கவாதம் வந்தவர்க்கு மீண்டும் வாராதிருக்கக் குளோபிடோகிரல் என்னும் மாத்திரையைப் பெரும்பாலும் கொடுப்பர். எம் பெரிய தந்தையாரும் அதனை உட்கொள்கின்றார். இம்மாத்திரை வயிற்றில் விழுந்தவுடனே வேலை செய்வதன்று. ஈரலில் உள்ள ஒரு நொதி அதனை மாற்றிய பின்னரே மருந்தாகும். அந்நொதி சிலர்க்குப் பிறவியிலேயே குறைவு. ஐரோப்பியரினும் கிழக்காசிய மக்களிடம் இக்குறை மிகுதி. ஆகவே சீனர் தம் மக்களுள் அக்குறை உடைய 6,412 பேரைத் தெரிந்தெடுத்து, வேறொரு மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து 2021இல் முடிவு வெளியிட்டனர். வேறு மாத்திரை பெற்றவருள் 100க்கு 6.0 பேருக்கும், குளோபிடோகிரல் பெற்றவருள் 7.6 பேருக்கும் மீண்டும் பக்கவாதம் வந்தது. தெற்காசியரைப் பற்றியோ எனின், இங்கிலாந்தில் வாழும் வங்கதேச, பாகிஸ்தானிய வழியினரிடம் நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்று 2023இல் வெளிவந்தது. அவருள் 100க்கு 57 பேருக்கு அந்நொதி குறைவு என்று அது கூறிற்று. வங்கத்தார்க்கும் பாஞ்சாலத்தார்க்கும் உள்ளது பாகூரார்க்கும் அவ்வளவே உள்ளதா? அயலார் கணக்கைக் கொண்டு நம் கணக்கை முடிப்பது, வில்லியனூர் மழையை அளந்து பாகூர் ஏரியின் நீர்மட்டம் சொல்லுவது போல்வது. சிற்சில ஆண்டுகளிற் சரியாகவும் இருக்கும்.

ஆயினும் எம் கருத்தில் இரத்தத்தினும் நொதியினும் பெரிய தடை வேறிடத்தில் உள்ளது. அதனை எமக்கு விளங்கச் செய்தது ஒரு சிறிய அட்டைக் கட்டு. பக்கவாதம் எத்துணைக் கடுமையானது என்று அளக்க உலகெங்கும் மருத்துவர் ஓர் அளவுகோலைக் கையாளுகின்றனர். அமெரிக்காவில் ஆக்கப்பெற்ற அதில் 0 முதல் 42 வரை எண் உண்டு. இத்தனை எண்ணுக்கு மேற்பட்டவரே சேரலாம், இத்தனைக்கு மேற்பட்டவர் சேரலாகாது என்று பல சோதனைகளில் அவ்வெண்ணே வாயில்காப்போனாக நிற்கின்றது. நோயாளியின் பேச்சுத் திறனை அளக்க அதில் சில படங்கள் உண்டு: கையுறை, சாவி, கள்ளி, நாற்காலி, இறகு, மரங்களிடைக் கட்டும் வலைத்தொட்டில். மற்றொரு படத்தில் ஒரு பெண் நின்றபடியே பாத்திரம் துடைக்க, தொட்டி நிரம்பி நீர் வழிகின்றது. பின்னால் ஒரு சிறுவன் முக்காலியில் ஏறிப் பிஸ்கோத்து ஜாடியை எட்டுகின்றான். சொல்லச் சொல்லும் சொற்களுள் ஹக்கிள்பெரி என்னும் காட்டுப்பழத்தின் பெயரும், பேஸ்பால் ஆட்டக்காரர் என்பதும் உண்டு.

யாம் இப்படங்களைத் தாளில் எடுத்து, நோய்நொடி ஏதுமில்லாத எம் பெரியம்மையாரிடம் ஒரு மாலையிற் காட்டினோம். சாவியும் நாற்காலியும் உடனே சொன்னார். கையுறையைக் 'கை' என்றார். வலைத்தொட்டிலைத் 'தூளி' என்றார். குழந்தை எங்கே என்றும் கேட்டார். இறகைத் தென்னங்கீற்று என்றார். கள்ளியை நெடுநேரம் பார்த்து, "இது யார் வீட்டு விளக்கு?" என்றார். சமையலறைப் படத்தைப் பார்த்து, "தண்ணீர் வழிவது தெரியாமல் நிற்கிறாளே, இவளுக்குத்தான் ஏதோ நோய்" என்று தீர்ப்பளித்தார். யாம் சிரித்தோமாயினும், உள்ளே ஒரு கவலை எழுந்தது. நலமுள்ளவரே இங்ஙனம் விடை கூறுவாராயின், நோயுற்ற ஒருவர் 'தூளி' என்றதைப் பேச்சுக் குறை என்று எழுதுதற்கும், அவ்வொரு குறியால் அவர் சோதனையின் உள்ளே போவதற்கும் வெளியே நிற்பதற்கும் இடம் உண்டன்றோ? நம் நாட்டு மருத்துவர் இதனை அறியாதவர் அல்லர். இந்தி மொழி பேசுவோர்க்கு ஏற்ப இவ்வளவுகோலை மாற்றிச் சோதித்து வெளியிட்டுமுள்ளனர். அறிவுள்ள மருத்துவர் படத்தை விடுத்து அருகிலுள்ள செம்பையும் விசிறியையும் காட்டிக் கேட்பதும் உண்டு.

முடிவை அளக்கும் கோலும் அத்தகையதே. ஸ்காத்லாந்து மருத்துவர் ராங்கின் என்பார் 1957இல் வகுத்து, பின்னோர் திருத்திய அளவின்படி, குறையே இல்லாதவர் 0, இறந்தவர் 6. தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்வாராயின் 2. நடப்பார், ஆனால் சிறிது உதவி வேண்டும் என்றால் 3. பல சோதனைகளில் 2 வரையிலே நற்பயன் எனக் கொள்வர். எம் பெரிய தந்தையார் கோலின்றி நடப்பார், தாமே உண்பார். ஆனால் தரையிற் சம்மணமிட்டு அமர்ந்தால் எழ ஒருவர் கை கொடுக்க வேண்டும். வாய்க்காலைத் தாண்ட இயலாது. வேட்டியை ஒரு கையால் உடுக்க இயலாமையால் ஒட்டுவேட்டிக்கு மாறினார். நாற்காலியும் மேசையும் உள்ள வீட்டில் அவர் 2. எங்கள் வீட்டில் அவர் 3. ஒரே கால் இரண்டு எண் பெறுகின்றது.

இத்தனையும் சொல்லுமிடத்து, 'சோதனையிற் சேர்க்கவில்லை என்று வருந்துகின்றீர். சேர்த்தால் எலியாக்கினர் என்பீர்' என்று ஒருவர் எம்மைக் கேட்கலாம். எம் ஊரிற் கேட்டவரும் உண்டு. அவ்வச்சம் காரணமற்றதன்று. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் 1932 முதல் 1972 வரை 40 ஆண்டுகள், மேகநோய் கண்ட கறுப்பின ஆடவர் பல நூற்றுவரை அரசு மருத்துவத் துறையே மருந்து கொடாமல் வைத்துப் பார்த்தது. பென்சிலின் கிடைத்த பின்னரும் கொடுக்கவில்லை. அந்நாட்டிலேதான், அரசுப் பணத்தில் நிகழும் சோதனைகளிற் பெண்டிரையும் சிறுபான்மை இனத்தாரையும் சேர்த்தல் வேண்டும் என்று 1993இற் சட்டம் வந்தது. முற்காலத்தில் இழுத்து வந்து கெடுத்தனர். பிற்காலத்தில் வெளியே நிறுத்தி மறந்தனர். இரண்டும் ஒரே மக்களுக்கு நேர்ந்தன. நம் நாட்டிலும் ஏழைகளை அறியாமற் சோதனைக்கு உட்படுத்தினர் என்னும் முறையீடுகள் எழுந்து, 2013இல் உச்ச நீதிமன்றம் அரசைக் கடுமையாகக் கேட்கும் நிலை வந்தது. 2019இல் வந்த புது விதிகள், சோதனையால் தீங்குற்றவர்க்கு மருத்துவமும் ஈட்டுத்தொகையும் வேண்டும் என்கின்றன. எழுத்தறியாதார் இசைவு தரும்பொழுது சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என்றும் கூறுகின்றன. ஆதலின் எழுத்தறியாமை வெளியே நிறுத்துதற்குக் காரணமாகாது. சாட்சி ஒருவரைத் தேடிக்கொள்ளும் உழைப்பே வேண்டுவது. எம் பெரியம்மையார்க்கு அன்று மறுக்கப்பட்டது அவ்வுழைப்பு.

நம் நாட்டிலேயே நம்மவரிடம் நிகழ்ந்த சோதனைகளையும் சொல்லாமல் விடலாகாது. இயன்முறை மருத்துவர் அரிதாகிய நாட்டில், வீட்டாரையே பழக்கி நோயாளிக்குப் பயிற்சி கொடுக்கச் செய்தால் என்ன என்று எண்ணி, லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜெயராஜ் துரை பாண்டியன் முதலியோர் அட்டெண்டு என்னும் சோதனையை நடத்தினர். 14 மருத்துவமனைகள்; 1,250 நோயாளிகள்; 2017இல் முடிவு. ஆறு மாதத்தில் இறந்தோரும் பிறர் துணையை வேண்டி நின்றோரும் பயிற்சி பெற்ற பக்கத்தில் 100க்கு 47, பெறாத பக்கத்திலும் 47. பயன் இல்லை என்பது முடிவு. எம் பெரியம்மையாரிடம் இதனைச் சொன்னபொழுது அவர் சினங்கொண்டார். நாள்தோறும் அவர் கணவரின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்குபவர். "அந்த நாற்பத்தேழில் நான் செய்ததும் சேர்த்தியா?" என்றார். யாமும் சிந்தித்தோம். பயிற்சி பெறாத பக்கத்து வீட்டாரும் நம் நாட்டு வீட்டாரே; அவர்கள் சும்மா இருந்திருப்பரா? மேனாட்டில் இதே சோதனை நடந்திருந்தால் முடிவு வேறாயிருக்குமோ, அறியோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு அமைந்த பக்கவாதச் சோதனை மனைகளின் கூட்டம் அடுத்து ஸ்பிரிண்டு இந்தியா என்பதை நடத்திற்று. 31 மருத்துவமனைகள், 4,298 நோயாளிகள், தமிழ் உட்படப் பன்னிரண்டு மொழிகள். கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் சிறு படங்களும் அனுப்பி, ஒரு பயிற்சிப் புத்தகமும் கொடுத்து, மருந்தை விடாதீர், புகையை விடுவீர் என்று நினைவூட்டினால் மறுமுறை நோய் வாராது தடுக்கலாமோ என்பது கேள்வி. 2023இல் வெளிவந்த முடிவின்படி, செய்தி பெற்றவருள் 100க்கு 5.5 பேருக்கும் பெறாதவருள் 4.9 பேருக்கும் மறுமுறை பக்கவாதமோ, மாரடைப்பு முதலியனவோ, மரணமோ நேர்ந்தது. பயன் காணோம் என்று சோதனையை இடையிலே நிறுத்தினர். இதுவும் தோல்வியெனத் தோன்றும். ஆனால் பயனற்றதைப் பயனற்றது என்று நம் மொழியிலே நம்மவரிடமே அறிந்தது சிறு செயலன்று. அன்றியும், மறுமுறை நோய் வந்தோர் இரு பக்கத்தும் அத்துணைக் குறைவாக இருந்தது எம்மை எண்ண வைத்தது. கைப்பேசி வைத்து, நாடறிந்த மருத்துவமனையைச் சென்றடைந்து, அங்கே நல்ல மருத்துவமும் பெற்றவரே அதிற் சேர்ந்தோர். வரப்பிலேயே அமர்ந்து, வெந்நீர் குடித்து, குட்டியானையிற் போனவர் அதில் எத்தனை பேர் இருந்திருப்பர்?

இரத்தக் கசிவால் வரும் பக்கவாதத்துக்கு 2023இல் வெளிவந்த இன்டராக்டு என்னும் மூன்றாம் சோதனை எமக்கு மிக்க மகிழ்ச்சி அளித்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல், இரத்த உறைவு ஆகிய நான்கையும் ஒருசேர விரைந்து சீர்செய்தால் நலம் என்று அது காட்டிற்று. 10 நாடுகள், 121 மருத்துவமனைகள், 7,036 நோயாளிகள். அந்நாடுகளுள் இந்தியாவும் இலங்கையும் உண்டு. விலையுயர்ந்த மருந்து ஒன்றும் அதில் வேண்டுவதில்லை. நம் சிற்றூர் மருத்துவமனைக்கும் இயலுவது. ஆனால் அதிற் சேர்ந்தவருள் பத்தில் ஒன்பது பேர் சீனர். ஏட்டில் பத்து நாடு. நோயாளியில் பெரும்பாலும் ஒரு நாடு.

புதுச்சேரியில் மருத்துவத்துக்குக் குறைவில்லை. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் 1964 முதல் அப்பெயர் பெற்று விளங்குகின்றது. வில்லியனூர்ப் பக்கத்து இராமநாதபுரத்தில் அதன் ஊரக நலவாழ்வு நிலையம் நெடுங்காலமாக உள்ளது. மாணவர் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்ப்பர், கேள்வி கேட்பர், எழுதிக்கொள்வர். எண்ணிக்கைக்கு எங்கள் ஊர்கள் பழகியவை. எம் அன்னையாரின் தமக்கையார் அப்பக்கத்தில் வாழ்பவர்; வயது 71; அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர்; எழுத்தறியார். கைப்பேசி உண்டு, ஆனால் பேரன் வந்தால்தான் அதில் படம் தெரியும். இக்கட்டுரையை எழுதுமுன் யாம் அவரிடம் சென்று, அவர்க்கு ஒருகால் இந்நோய் வந்து, மருத்துவர் ஒரு சோதனையிற் சேரும்படி கேட்டால் சம்மதிப்பாரா என்று வினவினோம். இந்த மருந்தா அந்த மருந்தா என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல முடிவு செய்வர் என்பதையும், கொடுக்கும் மருத்துவரே அதனை அறியமாட்டார் என்பதையும், தீங்கு நேர்ந்தால் விதிப்படி உதவி உண்டு என்பதையும் ஒன்றும் மறையாமற் சொன்னோம். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டிருந்தார்.

"கைநாட்டு வைக்கலாமா?" என்றார்.

வைக்கலாம், உடன் ஒரு சாட்சி வேண்டும் என்றோம்.

"சாட்சிக்கு உன் சித்தப்பாவைக் கூப்பிடாதே, அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவைக் கூப்பிடு" என்றார். பின் சிறிது நேரம் பேசாதிருந்து, "மூன்று மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து நான் போக வேண்டும் என்கிறாயே தம்பி, எல்லாம் முடிந்த பிறகு, எது நல்ல மருந்து என்று தெரிந்ததா இல்லையா என்று அவர்கள் ஒரு தரம் இங்கே வந்து சொல்லுவார்களா?" என்று கேட்டார்.

யாம் படித்த படிவங்களில் அதற்கென ஒரு வரி இருந்ததாக எமக்கு நினைவில்லை. கேட்டுச் சொல்லுகிறோம் என்று விடைபெற்று வந்தோம்.